உப்புத் தண்ணீர் என்றால் போதுமா?

கோயம்புத்தூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பல வீடுகளில் இரண்டு வகைத் தண்ணீர் புழங்குகிறது. ஒன்று 'நல்ல தண்ணீர்'; மற்றொன்று 'உப்புத் தண்ணீர்'. நல்ல தண்ணீர் என்பது சிறுவாணியிலிருந்தோ, பவானி ஆற்றின் பில்லூர் அணையிலிருந்தோ பொதுக் குழாய் வழியே வருவது. உப்புத் தண்ணீர் என்பது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் வைத்து இறைப்பது. முன்னது குடிக்கவும் சமைக்கவும் ஆகும். பின்னது குளிக்கவும் துவைக்கவும் பாத்திரம் கழுவவும் ஆகும். இந்தப் பாகுபாட்டை நமக்குக் கற்றுக் கொடுத்தது பள்ளிக்கூடம் அன்று. வேகாத பருப்பும், நுரைக்காத சோப்பும், வெள்ளை பூத்த வாளியுந்தான் கற்றுக் கொடுத்தன.

மாணவ நண்பர்களே, இந்த அனுபவ அறிவு தவறானதன்று. ஆனால் அது போதுமானதும் அன்று. 'உப்பு' என்ற ஒரே சொல்லுக்குள் நாம் பல வேறு பொருள்களை அடைத்து வைத்திருக்கிறோம். அதனால் அஞ்ச வேண்டாததற்கு அஞ்சுகிறோம்; அஞ்ச வேண்டியதைக் கவனியாது விடுகிறோம்; இடையில் பணத்தையும் தண்ணீரையும் இழக்கிறோம். நம் வீட்டுத் தண்ணீரைப் பற்றிய முடிவை, கண்ணுக்குத் தெரியும் வெண்மையைக் கொண்டு எடுக்காமல், அளந்தறிந்த எண்ணைக் கொண்டு எடுக்க வேண்டும். அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் வேலையை உயர்நிலைப் பள்ளி மாணவர்களாகிய நீங்களே செய்ய முடியும். இதுவே என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன், சரிதானா என்று நீங்களே சீர்தூக்கிப் பாருங்கள்.

இரண்டு நீரும் வந்த வழி

இரண்டு நீரும் ஒரே மழையின் பிள்ளைகள்தாம். மழைநீர் மேகத்திலிருந்து விழும்போது ஏறக்குறைய வாலை வடிநீரைப் போன்றது. வேறுபாடு, அது தரையைத் தொட்ட பிறகு நடந்த வழியில் இருக்கிறது.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள சிறுவாணி அணைக்கு வரும் நீர், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பெய்த மழை. எளிதில் கரையாத பாறைகளின்மேல் அது விரைந்து ஓடி அணையில் சேர்கிறது. கல்லோடு அது தங்கும் காலம் குறைவு. ஆகவே கரைத்துக் கொள்வதும் குறைவு. இதனால்தான் சிறுவாணி நீர் மென்னீராக இருக்கிறது. அது உலகிலேயே இரண்டாவது சுவையான நீர் என்று நம் ஊரில் பெருமையாகச் சொல்வதுண்டு. எந்த அளவுகோலால் அளந்து அந்த இடத்தைக் கொடுத்தார்கள் என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. நம் பெருமையைக் குறைத்துக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் 'மென்மையான நீர்' என்பது எவரும் அளந்து சரிபார்க்கக்கூடிய உண்மை. 'இரண்டாவது சுவையான நீர்' என்பது அப்படிப்பட்டதன்று. அறிவியல் மாணவர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

நிலத்தடி நீரின் கதை வேறு. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசிப்பதால் கார்பன்-டை-ஆக்சைடு நிறைந்திருக்கும். மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டு மிக வீரியங்குறைந்த அமிலமாகி, பாறை இடுக்குகளில் மெல்ல மெல்ல இறங்குகிறது. சுண்ணாம்புக் கல்லைச் சாதாரண நீர் எளிதில் கரைக்காது. ஆனால் இந்த அமில நீர் அதைக் கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றிக் கரைத்துவிடும். கோவைப் பகுதியில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. 1930-களில் மதுக்கரையில் சிமெண்ட் ஆலை எழுந்ததற்குக் காரணமே அங்குள்ள சுண்ணாம்புக்கல் தான். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது வெள்ளை வெள்ளையாய் உருண்டை உருண்டையாய் வருமே, சுக்கான் கல், அதுவும் கால்சியம் கார்பனேட்டுதான். அதன்மேல் ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பாருங்கள், பொங்கி நுரைக்கும். மலைக்குக் கிழக்கே மழை மறைவில் இருக்கும் நம் சமவெளியில் மழை குறைவு, வெயில் அதிகம். நீர் ஆவியாகிப் போக, சுண்ணாம்பு மண்ணிலேயே தங்கிச் சுக்கானாகிறது. அடுத்த மழை அதையே மீண்டும் கரைத்துக் கீழே கொண்டு செல்கிறது. இது தவிர, கடினமான பாறைகளும் நெடுங்காலத்தில் சிதைந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் நீருக்குக் கொடுக்கின்றன.

நம் நிலத்தடியில் இருப்பது மணற்படுகை அன்று. விரிசல் விட்ட பாறை. ஒவ்வொரு ஆழ்துளைக் கிணறும் தனக்குக் கிடைத்த விரிசலின் நீரை எடுக்கிறது. ஆகவே உங்கள் வீட்டு நீரும் அடுத்த தெரு நீரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. 'எங்கள் பகுதித் தண்ணீர் இப்படித்தான்' என்று பொதுவாகச் சொல்வது இதனால்தான் ஏமாற்றிவிடுகிறது.

எண்ணால் சொல்வது எப்படி?

கால்சியம், மக்னீசியம் ஆகிய இரண்டு உலோகங்களின் உப்புகள் கரைந்திருப்பதே கடினத்தன்மை. பைகார்பனேட்டாக இருப்பது கொதிக்க வைத்தால் நீங்கும்; அது தற்காலிகக் கடினத்தன்மை. குளோரைடாகவும் சல்பேட்டாகவும் இருப்பது கொதிக்க வைத்தாலும் நீங்காது. அது நிரந்தரக் கடினத்தன்மை. இவற்றைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். எந்த உப்பாக இருந்தாலும், அதற்குச் சமமான கால்சியம் கார்பனேட்டு ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று கணக்கிட்டு ஒரே எண்ணாகச் சொல்வது வழக்கம்.

இந்த எண் 60க்குள் இருந்தால் மென்னீர். 60 முதல் 120 வரை ஓரளவு கடினம். 120 முதல் 180 வரை கடினம். அதற்கு மேல் மிகக் கடினம் என்று ஒரு பாகுபாடு உண்டு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பு) 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. உலகச் சுகாதார நிறுவனமோ, கடினத்தன்மைக்கு உடல்நலம் கருதிய வரம்பு எதையும் விதிக்கவில்லை. இந்தச் செய்தியைச் சற்று நிதானித்துப் பாருங்கள். நாம் மிகவும் அஞ்சும் ஒன்றுக்கு அந்த நிறுவனம் நோய் காரணமாக எல்லை வகுக்கவே இல்லை!

வெண்மை செய்யும் கேடு

அப்படியானால் கடின நீரால் கேடே இல்லையா? உண்டு. அதையும் எண்ணால் பார்ப்போம்.

உங்கள் வீட்டு நீரின் கடினத்தன்மை 400 என்று வைத்துக் கொள்வோம். 20 லிட்டர் வாளி ஒன்றில் 8 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான உப்பு இருக்கும். ஒரு கிராம் கடினத்தன்மை சுமார் 6 கிராம் சோப்பை நுரையாக விடாமல் வெண்ணிறத் திரிவாக மாற்றிவிடும். ஆக, அந்த வாளி நீர் முழுவதையும் சோப்பாலேயே மென்மையாக்க வேண்டுமானால் ஏறத்தாழ 49 கிராம், அதாவது ஒரு சிறிய சோப்புக் கட்டியில் பெரும்பகுதி, துணியின் அழுக்கைத் தொடுமுன்பே வீணாகும். அதே வேலையைச் சுமார் 8½ கிராம் நீரற்ற சலவைச் சோடா செய்துவிடும். சோப்பு போடுமுன் நீரில் சலவைச் சோடாவைக் கலப்பது வெறும் பழக்கம் அன்று, நல்ல வேதியியல். (துணி துவைக்கும் நீருக்கு மட்டுமே இது; குளிக்கவோ குடிக்கவோ ஆகாது.)

அடுத்து வாட்டர் ஹீட்டர். தற்காலிகக் கடினத்தன்மை 250 உள்ள நீரை நாள்தோறும் 40 லிட்டர் சுடவைத்தால், அதில் உள்ள கால்சியம் கார்பனேட்டு 10 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே ஹீட்டருக்குள் படிந்தாலும் ஓராண்டில் 365 கிராம் ஆகிவிடும். இது மின்கட்டணத்தை ஏற்றிவிடும் என்று பலர் சொல்வார்கள். இயற்பியல் படிக்கும் நீங்கள் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: வெப்பம் எங்கே போகிறது? மின்கம்பி நீருக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. அதைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்தாலும், வெளிவரும் வெப்பம் முழுவதும் சுண்ணாம்பைக் கடந்து நீருக்குத்தான் சென்றாக வேண்டும். வேறு போக்கிடம் இல்லை. ஆகவே மின்சாரம் அவ்வளவாகக் கூடாது. ஆனால் சுண்ணாம்புப் படிவு செம்பைவிடச் சில நூறு மடங்கு குறைவாக வெப்பத்தைக் கடத்துவதால், கம்பியின் வெப்பநிலை மிகவும் உயர்ந்து அது விரைவில் எரிந்து போகும். கெடுவது கம்பியே, கட்டணம் அன்று. வெளியிலிருந்து தீ மூட்டும் ஆலைக் கொதிகலனில் நிலைமை வேறு. அங்கே கடத்தப்படாத வெப்பம் புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். எரிபொருள் உண்மையாகவே வீணாகும். ஒரே சுண்ணாம்பு, இரண்டு இடத்தில் இரண்டு விளைவு.

பருப்பு வேகாததற்கும் கால்சியமே காரணம். பருப்பின் செல் சுவர்களிலுள்ள பெக்டின் என்னும் பசைப்பொருளைக் கால்சியம் இறுகப் பிணைத்துவிடுகிறது. நம் பாட்டிமார் சமையலுக்கு நல்ல தண்ணீரைத் தனியே எடுத்து வைத்தது சரியே.

இவையெல்லாம் செலவும் தொல்லையும், நோய் அல்ல. பாத்திரத்தில் படியும் வெள்ளையைப் பார்த்து, 'இதுதான் வயிற்றுக்குள்ளும் கல்லாகிறது' என்று அஞ்சுவோர் பலர். பாத்திரத்தில் படிவது கால்சியம் கார்பனேட்டு. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டு. இவை வேறு வேறு பொருள்கள். உண்டாகும் விதமும் வேறு. கடின நீரே சிறுநீரகக் கல்லுக்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை. போதிய அளவு தண்ணீர் குடிக்காமையே அதன் முக்கியக் காரணங்களுள் ஒன்று. நீரை அஞ்சிக் குறைவாகக் குடிப்பவர், எதற்கு அஞ்சினாரோ அதையே வரவழைத்துக் கொள்கிறார். கால்சியமும் மக்னீசியமும் உடலுக்கு வேண்டிய பொருள்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஏமாற்றும் மூன்று காட்சிகள்

அச்சம் இருக்கும் இடத்துக்கு வியாபாரமும் வரும். வாசலுக்கு வரும் விற்பனையாளர் காட்டும் காட்சிகளில் மூன்றை ஆராய்வோம்.

முதலாவது, டி.டி.எஸ். மீட்டர். பேனா போன்ற கருவியை நீரில் நனைத்ததும் ஓர் எண் தோன்றும். 'பாருங்கள், உங்கள் தண்ணீரில் இவ்வளவு கெடுதல்' என்பார். அந்தக் கருவி உண்மையில் அளப்பது நீரின் மின்கடத்துதிறனை. அதை ஒரு மாறிலியால் பெருக்கி, கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவாகக் காட்டுகிறது. எந்தப் பொருள் என்று அதற்குத் தெரியாது. சாதாரணச் சமையல் உப்பு 1 கிராமை ஒரு லிட்டர் வாலை வடிநீரில் கரைத்து நனைத்துப் பாருங்கள். எண் 1000-ஐ ஒட்டி இருக்கும். அந்த நீரில் கடினத்தன்மை அநேகமாக இல்லை. சோப்பு நன்றாக நுரைக்கும். இன்னொன்றும் பாருங்கள். கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும் அயனி மாற்றிக் கருவியில் நீரைச் செலுத்தினால் கடினத்தன்மை போய்விடும். ஆனால் டி.டி.எஸ். எண் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஏனெனில் 40 எடையுள்ள ஒரு கால்சியத்துக்குப் பதில் 23 எடையுள்ள இரண்டு சோடியம் வந்துவிடுகின்றன. 400 கடினத்தன்மையை இப்படி நீக்கினால் லிட்டருக்கு 184 மி.கி. சோடியம் சேரும். உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியவர்கள் இந்த நீரைக் குடிக்கும்முன் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது காட்சி இன்னும் பயங்கரமானது. இரண்டு தம்ளர், ஒன்றில் உங்கள் வீட்டு நீர், மற்றொன்றில் கருவி சுத்திகரித்த நீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை விட்டு மின்சாரம் செலுத்துவார். சிறிது நேரத்தில் உங்கள் நீர் பழுப்பும் பச்சையுமாகக் குழம்பிச் சேறாகிவிடும். அவருடைய நீர் தெளிவாகவே இருக்கும். வீட்டார் திகைத்துப் போவார்கள். ஆனால் அந்தச் சேறு நீரிலிருந்து வந்ததன்று, கம்பியிலிருந்து வந்தது! மின்னாற்பகுப்பில் நேர்மின்வாயிலுள்ள இரும்பு கரைந்து இரும்பு ஹைட்ராக்சைடாகப் படிகிறது. உப்புகள் இருக்கும் நீரில் மின்சாரம் பாயும். உப்பு இல்லாத நீரில் பாயாது. அவ்வளவே வேறுபாடு. அவருடைய தெளிந்த நீரிலும் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போடச் சொல்லுங்கள்; அதுவும் சேறாகும். இரண்டு இரும்பாணிகளையும் 9 வோல்ட் பேட்டரி ஒன்றையும் கொண்டு, ஆசிரியர் முன்னிலையில், காற்றோட்டமான இடத்தில் இதைச் செய்து பார்க்கலாம். வீட்டு மின்சாரத்தைக் கொண்டு ஒருபோதும் முயல வேண்டாம்.

மூன்றாவது, காந்தம். குழாயின்மேல் காந்தத்தைக் கட்டினால் கடின நீர் மென்னீராகும் என்பார்கள். நீரில் கரைந்த கால்சியம் அயனிகளைக் காந்தம் இழுத்து வெளியே எடுத்துவிடுவதில்லை. படிவின் தன்மையில் மாற்றம் வருகிறதா என்பது பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஆனால் 'மென்னீர்' ஆயிற்றா என்பதைச் சோதிக்க உங்களிடமே வழியுண்டு: காந்தத்துக்கு முன்னும் பின்னும் நீரை எடுத்துச் சோப்புச் சோதனை செய்து பாருங்கள்.

இந்தக் காட்சிகளால் வாங்கப்படுவது பெரும்பாலும் ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடு பரவல் கருவி. அது நல்ல கருவியே; தேவைப்படும் இடத்தில் வேறு எதுவும் அதற்கு ஈடாகாது. ஆனால் வீட்டுக் கருவிகள் பொதுவாக ஒரு லிட்டர் நீரைக் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரைக் கழித்து ஊற்றுகின்றன. சிறுவாணி நீர் வரும் குழாயிலேயே இந்தக் கருவியைப் பொருத்தியிருக்கும் வீடுகள் உண்டு. இல்லாத கடினத்தன்மையை நீக்கப் பணம் கொடுத்து, மலையிலிருந்து வந்த மென்னீரில் பாதிக்கு மேல் சாக்கடையில் விடுவது எந்த வகையில் அறிவுடைமை? ஆயிரம் அடியைத் தாண்டி ஆழ்துளைக் கிணறு போடும் ஊரில் இதைச் செய்யலாமா? கிருமிதான் கவலை என்றால், நீரைக் கொதிக்க வைத்துக் குடித்தாலே போதும்.

கண்ணுக்குத் தெரியாத கேடு

வெண்மைக்கு அஞ்சுவதில் இருக்கும் பெரிய ஆபத்து, வெண்மை இல்லாததை நம்பிவிடுவதே. நம் மாநிலத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதற்கு நிறமில்லை, மணமில்லை, நாவுக்குத் தெரியும் சுவையுமில்லை. வரம்பு லிட்டருக்கு 1 மி.கி.; வேறு நீர் இல்லையேல் 1.5. அதற்கு மேல் பல ஆண்டுகள் குடித்தால் பற்களில் கறை படியும். இன்னும் மிகுந்தால் எலும்புகளே இறுகிவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது இந்த இடர்ப்பாட்டைத் தீர்ப்பதற்காகவே.

இதில் வியப்பூட்டும் உண்மை ஒன்று உண்டு. கால்சியம் ஃபுளோரைடு நீரில் எளிதில் கரையாது. ஆகவே கால்சியம் நிறைந்த கடின நீரில் ஃபுளோரைடு பொதுவாக அதிகம் தங்குவதில்லை. கால்சியம் குறைந்து சோடியம் மிகுந்த, நன்றாக நுரைக்கும் நிலத்தடி நீரில்தான் அது மிகுதியாக இருக்க வாய்ப்பு அதிகம். 'சோப்பு நன்றாக நுரைக்கிறது. ஆகவே குடிக்க நல்லது' என்ற எண்ணம் எவ்வளவு தவறாகப் போகலாம், பாருங்கள்! கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டுவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

நைட்ரேட்டும் அப்படியே. சாக்கடைக் கசிவிலிருந்தும் உரத்திலிருந்தும் கிணற்று நீரில் கலக்கும் இது, 45 மி.கி.க்கு மேல் போனால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனை எடுத்துச் செல்வதைத் தடுக்கும். நோய்க்கிருமிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இவற்றைச் சோப்பாலோ டி.டி.எஸ். மீட்டராலோ அறிய முடியாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடங்களில் கட்டணம் செலுத்திச் சோதித்துக் கொள்ளலாம். புதிய ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கத் தொடங்குமுன் செய்ய வேண்டிய செலவு இதுவே. கருவி வாங்குவது அதற்குப் பிறகு.

நீங்களே அளக்கலாம்

கடினத்தன்மையை அளக்க நீங்கள் யாரையும் நாட வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாமஸ் கிளார்க் என்ற வேதியியல் பேராசிரியர் 19ஆம் நூற்றாண்டிலேயே சோப்புக் கரைசலைக் கொண்டு அளக்கும் முறையைத் தந்துவிட்டார். கல்லூரி ஆய்வுக்கூடங்களில் இப்போது ஈ.டி.டி.ஏ. என்னும் கரைசலைப் பயன்படுத்துகிறோம். அது இன்னும் துல்லியமானது. ஆனால் பள்ளிக்குக் கிளார்க்கின் வழியே போதும்.

ஐந்து கிராம் சோப்பைச் சீவி, அரை லிட்டர் வெதுவெதுப்பான வாலை வடிநீரில் கரையுங்கள். வாலை வடிநீர் இல்லையேல் கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீர் போதும். உண்மையான சோப்பாக இருக்க வேண்டும். டிடர்ஜெண்ட் கடின நீரிலும் நுரைக்குமாதலால் பயன்படாது. அடுத்து, ஒப்பிடுவதற்கு ஒரு நிலையான நீர் வேண்டும். இரண்டு நீர் மூலக்கூறு கொண்ட கால்சியம் குளோரைடு படிகத்தில் 0.294 கிராம் எடுத்து, ஒரு லிட்டர் வாலை வடிநீரில் கரைத்தால், அதன் கடினத்தன்மை 200.

மூடியுள்ள புட்டியில் 50 மி.லி. வாலை வடிநீரை எடுத்து, பியூரெட்டிலிருந்து சோப்புக் கரைசலை அரை அரை மி.லி.யாகச் சேர்த்துக் குலுக்குங்கள். நுரை இரண்டு நிமிடம் கலையாமல் நிற்கும்போது எவ்வளவு செலவாயிற்று என்று குறித்துக் கொள்ளுங்கள். பிறகு நிலையான நீருக்கும், உங்கள் வீட்டு நீருக்கும் அவ்வாறே செய்யுங்கள். வாலை வடிநீருக்கு 0.5 மி.லி., நிலையான நீருக்கு 8 மி.லி., வீட்டு நீருக்கு 15.5 மி.லி. ஆயிற்று என்று கொள்வோம். முதல் எண்ணை மற்ற இரண்டிலிருந்தும் கழித்துவிட்டால் 7.5, 15 என்று வரும். 7.5-க்கு 200 என்றால் 15-க்கு 400. உங்கள் வீட்டு நீரின் கடினத்தன்மை 400!

சோப்பு 20 மி.லி.யைத் தாண்டினால், நீரைச் சம அளவு வாலை வடிநீருடன் கலந்து சோதித்து, விடையை இரட்டித்துக் கொள்ளுங்கள். அதே வீட்டு நீரைக் கால் மணி நேரம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வடிகட்டி, சுண்டிய அளவுக்கு வாலை வடிநீர் ஊற்றி மீண்டும் அளந்தால் கிடைப்பது நிரந்தரக் கடினத்தன்மை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே தற்காலிகக் கடினத்தன்மை. மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். பத்தில் ஒரு பங்கு பிழை வந்தாலும் கவலை வேண்டாம். 400-ஆ 440-ஆ என்பதைவிட, 100-ஆ 400-ஆ 800-ஆ என்பதுதான் நாம் அறிய வேண்டியது.

எண் கையில் வந்ததும் முடிவு எளிதாகிறது. 200-க்குள் இருந்தால் கடினத்தன்மைக்காக எதையும் வாங்க வேண்டாம். 200-க்கும் 600-க்கும் இடையே என்றால், துணிக்குச் சலவைச் சோடா. சமையலுக்கு நல்ல தண்ணீர். வெந்நீர்க் கம்பியில் படிந்த சுண்ணாம்புக்கு, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊற வைத்தல். இவை போதும். 600-ஐத் தாண்டினால் குடிக்க வேறு நீரைத் தேட வேண்டும். அதற்கு வழியில்லாதபோது ஆர்.ஓ. கருவி பொருத்தமானதே. அப்போதும் அது கழிக்கும் நீரைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்தலாம்.

பள்ளிக்கு ஒரு நீர்ப் பதிவேடு

ஒருவர் அளப்பதைவிட ஒரு வகுப்பே அளந்தால் பயன் பெரிது. நாற்பது மாணவர்கள் நாற்பது புட்டிகளில் நீர் கொண்டு வந்தால், ஒரே வாரத்தில் நாற்பது தெருக்களின் எண்கள் கிடைக்கும். அவற்றை ஊர்ப் படத்தில் குறியுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் தேதி, நீரின் மூலம், கிணற்றின் ஆழம் ஆகியவற்றை எழுதுங்கள். கோடையின் முடிவில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒருமுறை என ஆண்டுக்கு இருமுறை அளந்தாலே போதும். மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி வைத்த வீட்டில் எண் இறங்குகிறதா? ஆழம் கூடக் கூட எண் ஏறுகிறதா? சுக்கான் கல் நிறைந்த தெருவில் எப்படி? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதிவேடே விடை சொல்லும்.

'இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை அல்லவா?' என்று சிலர் கேட்கலாம். பொது நீரைச் சோதிப்பது அரசின் கடமையே; அதில் ஐயமில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கிணறு உங்களுடையது. அதன் நீர் மழைக்கு மழை, ஆழத்துக்கு ஆழம் மாறக்கூடியது. அதை ஆண்டுதோறும் அளந்து வைக்க அங்கேயே வாழ்பவர்களால்தான் முடியும். 'மாணவர்களின் அளவீட்டை யார் நம்புவார்கள்?' என்று வேறு சிலர் கேட்கலாம். ஐந்தாறு புட்டிகளை மட்டும் அருகிலுள்ள கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கொடுத்து ஒத்துப் பாருங்கள். ஒத்து வந்தால் நம்பலாம். வராவிட்டால் பிழை எங்கே என்று தேடலாம். அப்படித் தேடுவதும் அறிவியலே.

அடுத்த முறை யாராவது உங்கள் வாசலில் தம்ளரில் கம்பியை விட்டுச் சேறு காட்டினால், வீட்டுப் பெரியவர்கள் அஞ்சி விலை கேட்குமுன், நீங்கள் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, எங்கள் தண்ணீரின் கடினத்தன்மை எவ்வளவு? ஃபுளோரைடு எவ்வளவு?" அவரிடம் விடை இருக்காது. உங்களிடம் முதல் விடையாவது இருக்க வேண்டும். இந்த மாதமே ஒரு புட்டி நீரை அளந்து, பதிவேட்டின் முதல் வரியை எழுதுங்கள்.